விறகுக்குள் தீ, மண்ணுக்குள் வேர்

அன்பு நண்பர்களே, வணக்கம்.

கடவுளைப் பற்றிப் பேச வந்தவர்கள், எந்தச் சமயத்தவராக இருந்தாலும், இயற்கையிடம் போய்த்தான் சொல் கேட்டிருக்கிறார்கள். கடல் போன்ற கருணை, மலை போன்ற துணை என்று நாமும் சொல்லிப் பழகிவிட்டோம். சரி, அதுவும் உண்மைதான். ஆனால் எனக்கு ஆழமாகப் படுவது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிற இயற்கை.

7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பர், இறைவன் விறகில் தீ போல, பாலில் நெய் போல மறைந்து நிற்கிறான் என்று பாடினார். விறகை எத்தனை துண்டாகப் பிளந்தாலும் உள்ளே தீ கிடைக்காது. கட்டையோடு கட்டையைக் கடைந்தால்தான் பற்றும். அதனால்தான் அப்பர் அந்தப் பாட்டிலேயே உறவைக் கோலாக நட்டு, உணர்வைக் கயிறாக்கி, இறுகக் கடையச் சொல்கிறார். உறவே வைக்காமல் பிளந்து மட்டும் பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டுவது அவசரம்.

மாற்கு நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன ஓர் உவமை உண்டு. ஒருவன் விதைக்கிறான். இரவில் தூங்குகிறான், பகலில் எழுகிறான். விதை முளைத்து வளர்கிறது. எப்படி என்று அவனுக்கே தெரியாது. விதை தண்ணீரைக் குடித்து ஊறி வெடிக்கும்போது பெரும்பாலும் முதலில் வெளியே வருவது வேர்தான். அது கீழே இறங்கிக்கொண்டிருக்கும் நாட்களில், மேலே நின்று பார்ப்பவருக்கு வெறும் மண்தான் தெரியும். வேண்டி வேண்டி ஓய்ந்துபோன எத்தனை பேர் அந்த வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்! அவர்களிடம் நம்பிக்கை செத்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். குர்ஆனின் 14ஆம் அத்தியாயமும் நல்ல சொல்லை நல்ல மரத்துக்கு ஒப்பிடுகிறது. கிளைகள் வானில் இருக்கின்றன என்பதற்கு முன்பே, வேர் உறுதியாக இருப்பதைச் சொல்லிவிடுகிறது.

அப்புறம், ஒன்றை மறைக்கக் கூடாது. இயற்கை முளைக்கவைப்பது மட்டுமல்ல, அழிக்கவும் செய்கிறது. பைபிளில் யோபு என்ற நல்ல மனிதன் தன் செல்வத்தையும் பிள்ளைகளையும் இழந்து சாம்பலில் உட்காருகிறான். அவன் பிள்ளைகள் இறந்தது பெருங்காற்றில் வீடு இடிந்து விழுந்துதான். பின்னால் கடவுள் அவனோடு பேச வருவதும் சூறாவளிக்குள்ளிருந்தே! ஏன் இப்படி நடந்தது என்ற கேள்விக்கு அங்கே விளக்கமே இல்லை. மாறாக, மனிதரே இல்லாத பாலையில் மழையைப் பெய்வித்துப் புல்லை முளைக்கவைப்பது யார் என்று கடவுள் கேட்கிறார். யாரும் பார்க்காத, யாருக்கும் உதவாத புல்! அதற்கும் மழை உண்டென்றால் சாம்பலில் உட்கார்ந்திருக்கும் யோபு மட்டும் எப்படி மறக்கப்பட்டவன் ஆவான்? நான் அந்தக் கேள்வியை இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

இதுவரை உம்மைக் காதால் கேட்டிருந்தேன், இப்போது என் கண் உம்மைக் காண்கிறது என்கிறான் யோபு. இழந்த செல்வத்தில் ஓர் ஆடுகூட அப்போது அவனிடம் திரும்பி வந்திருக்கவில்லை.