கட்டியக்காரன் கேட்கும் கேள்வி

நேயர்களுக்கு வணக்கம்.

மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு டிவி நிகழ்ச்சியை ஏமாற்றிய கதையை இன்று சொல்ல வந்திருக்கிறேன். மூவரும் காட்பாடிப் பக்கத்துப் பிள்ளைகள், என்னிடம் தமிழ் படித்தவர்கள். ஒருவன் குடியாத்தத்தில் அப்பாவின் தறிப் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறான். மற்ற இருவருக்கும் ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி வேலை. பெயர்களைச் சொல்லப்போவதில்லை.

பிரிந்துபோன சொந்தங்களையும் நண்பர்களையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பஞ்சாயத்து பேசும் நிகழ்ச்சி அது. “தறி வாங்கணும்னு எண்பதாயிரம் கைமாத்து வாங்கினான், திருப்பித் தரல, ஏழு வருஷமா பேச்சே இல்ல” என்று கதை கட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டே நாளில் அழைப்பு வந்துவிட்டது. விடியற்காலை ஏலகிரி எக்ஸ்பிரஸில் மூவரும் ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்து, ஒரே பொட்டலத்து இட்லியைப் பிய்த்துத் தின்றபடி சென்னை போனார்கள். ஸ்டுடியோ தெருமுனையில் பிரிந்து, கடன் கொடுத்தவன் ஒரு ஆட்டோவில், வாங்கியவன் இன்னொரு ஆட்டோவில், மூன்றாமவன் சாட்சியாக நடந்தே போய் இறங்கினார்கள்.

அங்கே சட்டைக் காலரில் மைக்கைச் செருகிய பெண், “கொஞ்சம் கோபமா பேசுங்கண்ணா, அப்புறம் அழுகை வந்தா அடக்காதீங்க” என்றாளாம். புரோநோட்டு இருக்கிறதா, எந்தத் தேதியில் கொடுத்தாய், யார் சாட்சி என்று ஒரு கேள்வி கிடையாது. எங்கள் ஊர் ஆலமரத்தடியில் இப்படி ஒரு வழக்கு வந்தால் முதல் கேள்வியே அதுதான். கடைசியில் இருவரும் கட்டிப்பிடித்து அழ வேண்டும். அதை மட்டும் மூன்று முறை எடுத்தார்கள். மூன்றாவது முறை கடன்காரனாக நடித்தவனுக்கு நிஜமாகவே கண்ணீர் வந்துவிட்டது. அப்போது ஏன் அழுதான் என்று அவனுக்கே தெரியவில்லை.

நிகழ்ச்சி ஒளிபரப்பான மறுநாள், “எல்லாம் சும்மா” என்று சிரித்துக்கொண்டே ஒரு வீடியோ போட்டார்கள். ஊரெல்லாம் சிரித்தது. முதலில் நானும் சிரித்தேன். அழவைத்து ஆள் சேர்க்கிற கடைக்கு இது வேண்டும் என்றுதான் தோன்றியது. இப்படி ஏமாறுவது நம் டிவிக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 1999-இல் பிபிசியின் ஒரு பகல்நேரப் பேச்சு நிகழ்ச்சியில், சொந்தக் கதை சொல்ல வந்தவர்களில் சிலர் ஏஜென்சி அனுப்பிய போலிகள் என்று தெரிந்து பெரிய ரகளை ஆனது.

ஆனால் எனக்கு என் தாய்மாமன் ஞாபகம் வந்தார். செய்யாறு பக்கம் கூத்தில் கட்டியக்காரன் வேஷம் கட்டியவர். நம் வடாற்காட்டுக் கூத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ராஜா நேராக வந்து நின்றுவிட முடியாது. திரைக்குப் பின்னால் நிற்பார். கட்டியக்காரன்தான் வெளியே நின்று, “ஐயா, நீங்க யாரு, எந்த ஊரு, எதுக்கு வந்தீங்க?” என்று கேட்பான். ராஜாவையே கிண்டல் செய்வான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் துரியோதனன் துரியோதனனாக வேண்டும். பாஞ்சாலியாக நிற்பவர் பகலில் ஏர் ஓட்டிய ஆண் என்பது முன்வரிசைக் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் துகிலுரியும்போது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இந்தப் பிள்ளைகளின் ஆட்டத்தில் திரையும் இல்லை, கேள்வி கேட்கக் கட்டியக்காரனும் இல்லை.

அமெரிக்காவில் ஆலன் ஃபன்ட் என்று ஒருவர் இருந்தார். மறைத்துவைத்த கேமராவில் மக்களை ஏமாற்றிப் படமெடுக்கும் ‘கேண்டிட் கேமரா’வை 1948-இல் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தவர். 1969 பிப்ரவரியில் அவர் குடும்பத்தோடு போன விமானத்தைக் கத்தி வைத்திருந்தவர்கள் கியூபாவுக்குக் கடத்தினார்கள். அவரை அடையாளம் கண்டுகொண்ட பயணிகள், இதுவும் அவருடைய வேலைதான் என்று சிரித்தார்கள். இல்லை, நிஜம் என்று அவர் சொல்லியும் நம்பவில்லை. விமானம் ஹவானாவில் இறங்கியது.

அதே நிலைமையை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். அடுத்த வாரம் அதே நிகழ்ச்சியில் ஒரு அம்மா, கைவிட்டுப் போன மகனைத் தேடி வந்து உட்கார்ந்திருந்தார். டீக்கடையில் டிவியைப் பார்த்த அத்தனை பேரும் “செட்டப்பு” என்றார்கள். அவர் அழுகை நிஜமா பொய்யா, எனக்குத் தெரியாது. காது கொடுத்துக் கேட்கக்கூட அன்று ஆளில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. சேனலுக்கு என்ன நஷ்டம்? ஒன்றும் இல்லை. ஏமாந்தது நம்பிப் பார்த்தவர்கள்.

அப்படி நம்பிய ஒருவர் பள்ளிகொண்டாவில் இருக்கிறார். வயதான நெசவாளி. பணத் தகராறில் பதினோரு வருஷம் பேசாமல் இருந்த சிநேகிதரை, அந்த நிகழ்ச்சியைப் பார்த்த ராத்திரியே வீடு தேடிப் போய்ப் பார்த்தாராம். பட்டறைக்கு நூல் கொண்டுவந்தவர் மூலம் எனக்குத் தெரிந்தது. பிள்ளைகளைக் கூப்பிட்டு, “போய் அவரைப் பாருங்கள்” என்றேன். மறுபேச்சு பேசாமல் போனார்கள்.

திண்ணையில் அந்தச் சிநேகிதரும் உட்கார்ந்திருந்தாராம். பிள்ளைகள் எல்லாவற்றையும் சொன்னார்கள். பெரியவர் திட்டவில்லை. உள்ளே போய் சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். கடன்காரனாக நடித்தவனை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாராம்:

“கடைசில நீ அழுதியே தம்பி, அதுவுமா?”

“அது இல்ல தாத்தா” என்று சொல்லிவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமலே அவன் நின்றிருக்கிறான்.