காணிக்கைக்கு முன் சமாதானம்

நேயர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலை விட்டு வெளியே வரும்போது, “இன்றைக்கு ஆராதனை நன்றாக இருந்தது” என்று சொல்லிக்கொள்கிறோம். பாடகர் குழு நன்றாகப் பாடியிருக்கும், பிரசங்கம் மனதைத் தொட்டிருக்கும், அதனால் அப்படிச் சொல்கிறோம். அந்த ஆராதனையைக் கடவுள் ஏற்றுக்கொண்டாரா என்பதை எதை வைத்துச் சொல்வது? வேதம் இதற்குத் தெளிவான ஓர் அளவைத் தருகிறது. அந்த அளவை நம் ஆராதனை முறைமைக்குள்ளேயே வைத்திருக்கிறோம். ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் பகுதி என்பதால் பலர் அதைக் கவனிப்பதில்லை. அப்பமும் இரசமும் பகிரும் திருவிருந்து ஆராதனையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் பகுதியைத்தான் சொல்கிறேன்.

1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகளில் வளர்ந்தவர்கள் ஒரே சபையானார்கள். ஆளுக்கொரு முறைமையோடு வந்தவர்கள் சேர்ந்து ஆசரிப்பதற்காக 1950-இல் ஒரு புதிய திருவிருந்து முறைமை வந்தது. அதைத் தொகுத்தவர்கள் மேல்நாட்டு வடிவங்களோடு நின்றுவிடவில்லை. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழிபாட்டிலிருந்தும் சிலவற்றை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் ஒன்று, கையால் கைக்குச் சமாதானம் கொடுப்பது. பிற்காலத்தில் உலகின் பல சபைகள் தங்கள் ஆராதனை முறைமைகளைத் திருத்தியபோது இந்தத் தென்னிந்திய முறைமையைக் கூர்ந்து படித்தன.

அதைக் கொடுக்கும் விதத்தையும் முறைமை சொல்கிறது. கொடுப்பவர் தம் வலது உள்ளங்கையை வாங்குபவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்கிறார். பிறகு இருவரும் தங்கள் இடது கையால் மற்றவருடைய வலது கையை மூடிக்கொள்கிறார்கள். குருவானவர் தம்மோடு ஊழியம் செய்கிறவர்களுக்குக் கொடுக்கிறார், அவர்கள் சபைக்குக் கொண்டுபோகிறார்கள், வரிசை வரிசையாக அது கடைசி ஆள்வரை போகிறது. திருவிருந்து மேசையிலிருந்து புறப்படுவதால், அது நம் நல்ல மனதிலிருந்து உண்டாவது அல்ல, கிறிஸ்துவிடமிருந்து வருவது என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

நம் மண்ணில் இந்தத் தொடுகைக்கு எவ்வளவு கனம் என்பதைச் சொல்லியாக வேண்டும். சாதிக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து, சாதிப்படி முன்னும் பின்னுமாகப் பந்திக்கு வந்த சபைகள் நம்முடைய சபைகள். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சபைக்குள் சாதி வேற்றுமையைக் கைவிடும்படி கடிதம் எழுதியபோது, தஞ்சாவூரிலும் திருச்சியிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடுவதைவிடச் சபையை விடுவதே மேல் என்று வெளியேறினார்கள். வடக்கன்குளத்தில் கத்தோலிக்கக் கோயிலையே சாதியாரைப் பிரித்து உட்காரவைக்கும்படி இரண்டு கூடங்களாகக் கட்டினார்கள். அந்தத் தடுப்பு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் போனது. இந்த வரலாறு உள்ள ஊரில், யாராக இருந்தாலும் பக்கத்தில் நிற்பவரின் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொள் என்று முறைமை சொல்வது சிறிய காரியமா? இன்று பல சபைகளில் அந்தக் கை சுருங்கி, நின்ற இடத்திலிருந்தே கும்பிட்டுத் தலையாட்டுவதாக ஆகிவிட்டது. தொற்றுநோய்க் காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. இப்போது கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிக்கு ஒரு மூலை என்று இருக்கும் ஊர்களில், தொடாமல் கும்பிடுவது வசதியாகப்போய்விட்டது. இதை நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

அடுத்து, இது முறைமையில் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். பாவ அறிக்கை, வேத வாசிப்பு, பிரசங்கம், விசுவாசப் பிரமாணம், மன்றாட்டு எல்லாம் முடிந்த பிறகு, காணிக்கை எடுப்பதற்குச் சற்று முன்பு வருகிறது. அது பழைய இடம். கி.பி. 150-களில் ரோமாபுரியில் எழுதிய யுஸ்தீன் என்ற இரத்தசாட்சி, ஜெபம் முடிந்ததும் ஒருவரையொருவர் முத்தத்தால் வாழ்த்துகிறோம், அதன்பின் அப்பமும் பாத்திரமும் கொண்டுவரப்படுகின்றன என்று விவரிக்கிறார். ரோமன் கத்தோலிக்கத் திருப்பலியில் இது கர்த்தர் கற்பித்த ஜெபத்துக்குப் பிறகு, நற்கருணை வாங்குமுன் வருகிறது. அதற்கும் பழமையான மரபு உண்டு. ஆனால் காணிக்கைக்கு முன் வைத்திருப்பதற்குப் பின்னால் இயேசுவின் மலைப்பிரசங்க வார்த்தை நேரடியாக நிற்கிறது. மத்தேயு ஐந்தாம் அதிகாரம், 23, 24 வசனங்கள். பலிபீடத்தினிடத்தில் காணிக்கை செலுத்த வந்து, சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று அங்கே நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ. முன்பு ஒப்புரவாகு. பின்பு வந்து செலுத்து.

இந்த வசனத்தை நாம் பெரும்பாலும் தலைகீழாகவே வாசிக்கிறோம். “எனக்கு யார்மேலும் கோபமில்லை, நான் எல்லாரையும் மன்னித்துவிட்டேன்” என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டு காணிக்கைப் பையில் பணத்தைப் போடுகிறோம். இயேசு கேட்டது உனக்கு யார்மேல் குறை என்று அல்ல. உன்மேல் யாருக்குக் குறை? எழுந்து போகவேண்டியவர் காயப்படுத்தியவர். ஆகவே, அடிபட்டவரை, ஏமாற்றப்பட்டவரை, வீட்டில் வன்முறைக்கு ஆளான பெண்ணை, “சமாதானம் சொல்லாமல் திருவிருந்துக்கு வரலாமா?” என்று நெருக்குவதற்கு இந்த வசனத்தில் இடமே இல்லை. அப்படி நெருக்குகிற மூப்பர்களும் போதகர்களும் சுமையைத் தப்பான தோளில் ஏற்றுகிறார்கள்.

இயேசு இதைப் புதிதாகச் சொல்லவில்லை. லேவியராகமம் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அடைமானமாக வாங்கியதை மறுத்தவன், பறித்தவன், இடுக்கண்செய்தவன், கண்டெடுத்ததை இல்லையென்று பொய்யாணை இட்டவன், இவர்கள் குற்றநிவாரண பலியோடு வரும்போது என்ன செய்யவேண்டும்? முதலைக் கொடுக்கவேண்டும், அதோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கவேண்டும், பலி செலுத்தும் அதே நாளில் கொடுக்கவேண்டும். யாரிடம்? உரியவனிடம். ஆட்டுக்கடாவின் பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. பத்தாயிரம் ரூபாய் ஏமாற்றியிருந்தால் பன்னிரண்டாயிரம் அவர் கைக்குப் போய்ச் சேரவேண்டும். அந்தப் பத்தாயிரத்தைக் காணிக்கைப் பெட்டியில் போட்டால் கணக்கு தீராது. இதில்தான் நம்மில் பலர் தவறுகிறோம். மனிதனுக்குப் பட்ட கடனைக் கடவுளிடம் கட்டப் பார்க்கிறோம்.

அதே புத்தகத்தின் பத்தொன்பதாம் அதிகாரத்தையும் விட்டுவிடக் கூடாது. கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்கிறது. வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, ஏழைக்கு விட்டுவை என்கிறது. தராசும் படிக்கல்லும் மரக்காலும் சுமுத்திரையாக, அதாவது சரியான அளவாக, இருக்கட்டும் என்கிறது. எந்தப் பலிக்கு என்ன மிருகம், எத்தனை மாவு, எவ்வளவு எண்ணெய் என்று சொல்லுகிற அதே புத்தகத்தில் கூலியும் தராசும் வருகின்றன. ஆலயம் வேறு, கடை வேறு என்ற பிரிவு அந்தப் புத்தகத்துக்குத் தெரியாது.

தெக்கோவா ஊர்த் தீர்க்கதரிசி ஆமோஸ் வட இஸ்ரவேல் நாட்டுக்குப் போய்ப் பேசியது இதைத்தான். பெத்தேலில் பலிகளுக்கும் பாட்டுக்கும் குறைவில்லை. பண்டிகை தவறவில்லை. ஆனால் ஓய்வுநாள் எப்போது முடியும், கடையைத் திறந்து மரக்காலைக் குறைத்து நிறைகல்லைப் பெரிதாக்கி விற்கலாம் என்று எண்ணிக்கொண்டே அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். “உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று” என்று கடவுள் சொன்னது அந்தப் பாட்டுகளைக் கேட்டுத்தான். ராகம் பிசகியதாகவோ சுருதி சேரவில்லை என்றோ அங்கே குற்றச்சாட்டு இல்லை.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன? ஆராதனை சனிக்கிழமையே தொடங்கட்டும். வீட்டு வேலை செய்பவர், தோட்டத்தில், கடையில் வேலை செய்தவர், இவர்களுக்குப் பாக்கி இருந்தால் சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடுங்கள். ஒரு தாளை எடுத்து, இந்த வாரம் என் வார்த்தையாலோ செயலாலோ யாருக்குக் குறை வந்தது என்று பெயரை எழுதுங்கள். பொதுவாக “பலரை நோகடித்திருக்கிறேன்” என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. பெயர் வேண்டும். ஒரே பெயரை எடுத்துக்கொண்டு அன்றிரவே நேரில் போங்கள், முடியாவிட்டால் தொலைபேசியில் பேசுங்கள். பேசும்போது “நீங்கள் தப்பாக எடுத்திருந்தால் மன்னியுங்கள்” என்று தொடங்காதீர்கள். அது குற்றத்தை அவர்மேலேயே திருப்பிப் போடுகிறது. “நான் இன்னதைச் செய்தேன், அது தவறு, இதை இப்படிச் சரிசெய்கிறேன்” என்று மூன்றையும் சொல்லுங்கள். அவர் ஏற்க மறுக்கலாம், அது அவருடைய உரிமை. கூடுமானால், உங்களால் ஆனமட்டும் சமாதானமாயிருங்கள் என்று பவுல் எழுதும்போதே அந்த எல்லையை ஒப்புக்கொள்கிறார்.

ஆராதனை நடத்துகிறவர்களுக்கும் சில வார்த்தைகள். பாவ அறிக்கைக்கு அழைத்தவுடனே எல்லாரும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கிவிடுகிறோம். அழைப்புக்கும் அறிக்கைக்கும் நடுவில் ஒரு முழு நிமிடம் அமைதியாக விடுங்கள். விசைப்பலகை வாசிப்பவர் அந்த நேரத்தில் மெல்லிசை போடவேண்டாம். இசை போட்டால் மனம் உருகும், பெயர்கள் நினைவுக்கு வராது. சமாதானம் சொல்லும் நேரத்தைச் சிலர் விசாரிப்பு நேரமாக்கிவிடுகிறார்கள், சிலர் தங்கள் குடும்பத்துக்குள்ளேயே முடித்துக்கொள்கிறார்கள். எடுத்துச் செல்கிறவர்கள் பக்கக் கூடத்தில், வாசற்படியில், தூணுக்குப் பின்னால் நிற்கிறவர்களிடமிருந்து தொடங்கினால் இது பெருமளவு சரியாகும்.

காணிக்கையைப் பற்றி. ஒரு காலத்தில் நம் தாய்மார்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு, அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள். யார் கலயத்தில் எவ்வளவு என்று யாரும் வாசிக்கவில்லை. இன்று சில சபைகளில் கொடுத்தவர் பெயரும் தொகையும் ஒலிபெருக்கியில் போகிறது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய்க்கு இரண்டு குடும்பங்கள் போட்டிபோட்டு ஆயிரக்கணக்கில் ஏற்றுகின்றன. பணம் சபைக்குத்தானே வருகிறது என்கிறார்கள். ஏலத்தில் கையைத் தூக்க முடியாத கூலிவேலைக்காரர் அன்று எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். பவுல் கொரிந்து சபையைக் கடிந்துகொண்டதும் இதற்காகத்தான். கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவர் பசியாயிருக்க ஒருவர் குடித்து வெறியாயிருந்தார். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று அவர் கேட்டார். யுஸ்தீன் சொல்லும் காணிக்கை எளியது. வசதியுள்ளவர்கள் தங்கள் மனவிருப்பப்படி கொடுக்கிறார்கள். அது தலைவரிடம் சேர்கிறது, அவர் அனாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், அந்நியர் எல்லாருக்கும் உதவுகிறார். உங்கள் சபையின் ஆண்டுக் கணக்கில் இந்த ஐந்து பேருக்கும் எவ்வளவு போயிருக்கிறது என்று சபைக் கூட்டத்தில் கேளுங்கள்.

பாடல்களைப் பற்றி நீளமாகப் பேசவில்லை. கீர்த்தனையா, பாமாலையா, புதிய பாட்டா என்ற சண்டையில் எந்தப் பக்கமும் முழுவதும் சரி இல்லை. சபை பாட முடிகிறதா என்பதைப் பாருங்கள். மேடைச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரின் குரல் கேட்கவில்லை என்றால் ஒலியைக் குறையுங்கள்.

இன்னொன்று. யுஸ்தீனுடைய சபையில், வர முடியாதவர்களுக்கு அப்பத்தையும் இரசத்தையும் உதவிக்காரர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். நம் சேகரங்கள் பலவற்றில் படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, பண்டிகைக் காலத்தில், திருவிருந்து கொண்டுபோகிறோம். அதை மாதந்தோறும் செய்யலாம். சபைப் பதிவேட்டிலிருந்து வீட்டைவிட்டு வர முடியாதவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவரின் வீட்டுக்கும் யார் போவது என்று குருவானவரும் உபதேசியாரும் மூப்பர்களும் முன்கூட்டியே பிரித்துக்கொள்ளட்டும். போகிறவர் அன்று வாசித்த சுவிசேஷப் பகுதியை அங்கேயும் வாசிக்கட்டும். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு அப்பத்தை மிகச் சிறிதாகப் பிட்டு இரசத்தில் தோய்த்துக் கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன், அந்தக் கையை இரண்டு கையாலும் பற்றிச் சமாதானம் சொல்லுங்கள். அவரைப் பார்த்துக்கொள்கிற மருமகளுக்கும் செவிலிக்கும் அதே சமாதானத்தைச் சொல்லுங்கள்.