வாயுள்ள பிள்ளை பிழைக்கும்

(உலக மனநல நாளன்று கிளிநொச்சியில் எங்கள் சனசமூக நிலையத்தில் பேசியது. பேசியபடியே எழுதித் தருகிறேன்.)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பிரதேச செயலகத்திலிருந்து வந்திருக்கும் ஐயா அவர்களே, மழைக்குள் மோட்டார்சைக்கிளில் வந்து சேர்ந்த டொக்டர் தம்பி அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, கோயில் பரிபாலன சபைப் பெரியவர்களே, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்து அம்மாமாரே, எல்லோருக்கும் வணக்கம். இரவிரவாக நின்று இந்தப் பந்தலைப் போட்ட பிள்ளைகளின் பெயர் அழைப்பிதழில் இல்லை. அவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

நோர்வேயின் முன்னாள் பிரதமர் ஷெல் மாக்னே பொண்டெவிக் பற்றி மூன்று விடயம் சொல்ல வந்திருக்கிறேன்: அவருடைய அரசியல், அவருடைய நோய், பதவி முடிந்தபின் 2006-இல் சமாதானத்துக்கும் மனித உரிமைக்கும் என்று அவர் தொடங்கிய ஒஸ்லோ நிலையம். நோர்வேயை வன்னிக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் செய்த 2002 பெப்ரவரி 22 போர்நிறுத்த ஒப்பந்தத்துக்கு அந்த நாடு நடுவில் நின்றபோது அங்கே பிரதமராக இருந்தவர் இவர்தான்.

அவர் ஒரு மதகுரு. 1997-இல் முதல்முறை பிரதமரானார். அடுத்த ஆண்டு ஓகஸ்ட் கடைசியில் கட்டிலை விட்டு எழும்ப முடியாமல் போனது. காய்ச்சல், களைப்பு என்று ஒரு அறிக்கை விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. மனச்சோர்வு நோய், விடுப்பில் போகிறேன் என்று நாட்டுக்கே சொன்னார். மூன்று கிழமைக்கு மேல் இன்னொருவர் பதில் பிரதமராக இருந்தார். பிறகு இவர் திரும்பி வந்து கதிரையில் இருந்தார். 2000-இல் அவருடைய அரசு கவிழ்ந்தது உண்மை. ஆனால் கவிழ்த்தது எரிவாயு மின்நிலையப் பிரச்சினை, அவருடைய நோயல்ல. 2001-இல் மீண்டும் பிரதமரானார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று என் அம்மம்மா சொல்வா. பிரதமருக்கும் அதுதான்.

இங்கே ஒரு கதை. எங்கள் பக்கத்தில் ஒரு அண்ணர். 2009-க்குப் பிறகு பேச்சுக் குறைந்து, வயலுக்குப் போகாமல், முற்றத்தில் குந்தியபடி இருந்தார். விசர் என்று சனம் சொல்லிவிடும் என்ற பயத்தில் வீட்டார் 'அல்சர்' என்று சொல்லி வைத்தார்கள். அவ்வளவுதான், ஊர் முழுக்க அல்சருக்கு மருந்து! ஒருத்தர் பசுப்பால், ஒருத்தர் வல்லாரைச் சம்பல், ஒரு ஆச்சி உறைப்பில்லாத சொதி வைத்து நாள்தவறாமல் கொண்டுவந்தா. மனிசன் எல்லாவற்றையும் சாப்பிட்டார். சோர்வு அப்படியே இருந்தது. ஒருநாள் சங்கக்கடையில் வரிசை நிற்க, அண்ணரின் மனைவியிடம் யாரோ "அல்சர் எப்பிடி அக்கா?" என்று கேட்டார்கள். அக்கா மா பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னா: "அல்சர் இல்லை. மனவருத்தம். மாசம் ஒருக்கா கிளினிக் போறம், குளிசை போடுறார்." வரிசை அப்படியே நின்றது. பிறகு நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த தம்பி மெல்லக் கேட்டான்: "அக்கா, கிளினிக் எந்த நாள்? எங்கட வீட்டிலயும் ஒராள்..." அடுத்த மாதம் ஒரே ஓட்டோவில் மூன்று வீட்டு ஆட்கள் போனார்கள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும். சரி, வாயைத் திறந்த பிள்ளையை நாங்கள் எங்கே இருத்துகிறோம்? ஒரு வைத்தியசாலையில் என் கண்ணால் கண்டேன். மனநல கிளினிக்குக்குக் கதவில்லை, ஒரு சீலைதான் தொங்கியது. உள்ளே ஒரு தாய் அழுவது பல்லு வலியோடு வாங்கிலில் இருந்த என் காதுவரை வந்தது. அந்தத் தாய் அடுத்தமுறை வருவாவா?

அதனால்தான் பார்க்கும் மேடையெல்லாம் கேட்கிறேன்: ஒவ்வொரு பிரதேச வைத்தியசாலையிலும் உளவளத்துணைக்குக் கதவு சாத்தக்கூடிய ஒரு அறை வேண்டும். பெரிய கட்டடம் வேண்டாம். நாலு சுவர், ஒரு கதவு, இரண்டு கதிரை. ஐயா அவர்கள் இங்கே இருப்பதால் முகத்துக்கு நேரே கேட்கிறேன்.

ஒஸ்லோ நிலையத்தைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். கோரிக்கைக் கடிதம் வாசலடி மேசையில் இருக்கிறது. தேத்தண்ணிக்குப் போக முன்னம் எல்லோரும் கையெழுத்து வையுங்கோ. அந்த அக்காதான் முதல் கையெழுத்து வைத்திருக்கிறா.