ஒரே ரைஃபிள், இரண்டு பெட்டித் தோட்டா: குறி ஏன் மாறுகிறது?

வணக்கம், காரைக்குடியிலிருந்து பேசுகிறேன். இன்றைக்கு வேட்டை ரைஃபிளின் குண்டைப் பற்றிப் பார்க்கப்போகிறோம். முழுத் தோட்டாவை இல்லை. அதன் முனையில் செருகியிருக்கும், சுட்டதும் பறந்து போகிற அந்தக் குண்டை மட்டும்.

முதலிலேயே ஒன்று. இந்தியாவில் வேட்டை சட்டப்படி குற்றம். நம் பக்கத்துக் கொள்ளுகுடிப்பட்டியில், வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. அந்த ஊர்க்காரர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் செட்டிநாட்டில் தாத்தா காலத்து லைசென்ஸ் துப்பாக்கியை இன்னும் வைத்திருக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பார்கள், முடிந்ததும் வாங்கி வருவார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சந்தேகம் வரும்: ரைஃபிள் ஒன்று, சுடுகிற ஆள் ஒன்று, குண்டின் எடையும் ஒன்று. ஒரு பெட்டித் தோட்டா குறி அட்டையில் நெருக்கமாக விழுகிறது, இன்னொரு பெட்டி சிதறுகிறது. ஏன்?

(திரையில்: நெடுக்காக அறுத்த குண்டு)

உள்ளே ஈயம். மேலே மெல்லிய உறை. பெரும்பாலும் 95 பங்கு செம்பு, 5 பங்கு துத்தநாகம். வெறும் ஈயத்தை ரைஃபிள் வேகத்தில் சுட்டால் குழலெல்லாம் ஈயம் அப்பிக்கொள்ளும், அதற்காகத்தான் உறை. வேட்டைக் குண்டில் மூக்கு மட்டும் திறந்திருக்கும். பட்டதும் அது மலர்ந்து விரியும். இந்த வகைக் குண்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது நம் நாட்டு ஊர்தான், கல்கத்தா பக்கத்து டம்டம். 1890-களில் அங்கிருந்த ஆயுதச் சாலையில் செய்தார்கள். 1899-இல் ஹேக் மாநாடு இதைப் போரில் பயன்படுத்தக் கூடாதென்று அறிவித்தது. வேட்டையில் நிலைத்துவிட்டது, அடிபட்ட விலங்கு காயத்தோடு ஓடித் தவிக்காமல் உடனே விழவேண்டும் என்பதற்காக.

சரி, குறிக்கு வருவோம். ரைஃபிள் குழலுக்குள் திருகுபோல மரை ஓடியிருக்கும், அதுதான் குண்டைச் சுழலவைக்கிறது. 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். குண்டு விநாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் போனால், விநாடிக்கு 3,150 முறை சுழலும். நிமிடக் கணக்கில் சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம் சுற்று.

கடைசல் பட்டறையில் தேக்குக் கட்டையை மையம் பிசகிப் பூட்டினால் இயந்திரமே கிடுகிடுவென்று ஆடும், பார்த்திருப்பீர்கள். குண்டுக்கும் அதே கதிதான். ஆனால் குழலுக்குள் இருக்கும் வரை ஆட இடமில்லை, சுவர் பிடித்துக்கொள்கிறது. வாயை விட்டு வெளியே வந்த அந்தக் கணத்தில், கனமான பக்கம் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அந்தத் திசையில் குண்டு கொஞ்சம் விலகுகிறது.

(திரையில்: கணக்கு)

எவ்வளவு விலகும்? குண்டின் எடை மையம் நடு அச்சிலிருந்து 0.005 மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்போம். தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதனால் பக்கவாட்டில் விநாடிக்கு சுமார் 10 சென்டிமீட்டர் வேகம் சேருகிறது. 100 மீட்டர் தாண்ட 0.13 விநாடி ஆகும். அதற்குள் 13 மில்லிமீட்டர் விலகிவிடும். அடுத்த குண்டின் கனமான பக்கம் எதிர்த்திசையில் இருந்தால், இரண்டுக்கும் நடுவே 26 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஓர் அங்குலம்! சுட்டவர் கை ஒரு பாவமும் அறியாது.

இந்தப் பிசகு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் உறையிலிருந்து. செம்புத் தகட்டைக் கிண்ணமாக அழுத்தி, அதை இழுத்து இழுத்து நீட்டித்தான் உறை செய்கிறார்கள். அச்சு இம்மியளவு சாய்ந்தால் ஒரு பக்கச் சுவர் தடிக்கும், மறுபக்கம் மெலியும். செம்பைவிட ஈயம் கனம் என்பதால், மெலிந்த பக்கம்தான் கனமாகிறது.

எல்லோரும் பயப்படுவது மூக்கைப் பார்த்துத்தான். ஈய மூக்கு கொஞ்சம் நசுங்கியிருந்தால் பெட்டியையே ஒதுக்கிவிடுகிறார்கள். வேண்டாம். நூறு வருஷத்துக்கு முன்பே ஃப்ராங்க்ளின் மான் என்ற அமெரிக்க மருத்துவர் வேண்டுமென்றே குண்டுகளைக் கெடுத்துச் சுட்டுப் பார்த்தார். மூக்கைக் கெடுத்தபோது குறி பெரிதாக மாறவில்லை. அடிப்பாகத்தைக் கெடுத்தபோது சிதறியது. குழலை விட்டுக் கடைசியாக வெளியே வருவது அடிப்பாகம். அது கோணலாக இருந்தால், பின்னாலிருந்து பீறிடும் வாயு ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். குறிபார்க்கும் போட்டிக் குண்டுகளில் உறையை அடியிலிருந்து மேலே இழுத்து, சின்ன ஓட்டையை மூக்கில் விடுவது இதனால்தான்.

வேட்டைக் குண்டுக்கு இன்னொரு கவலையும் உண்டு. எலும்பில் பட்டாலும் சுக்குநூறாகக் கூடாது. 1940-களின் கடைசியில் ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்க வேட்டைக்காரர் குண்டின் நடுவே செம்புத் தடுப்பு வைத்தார். முன்பாதி விரியும், பின்பாதி அப்படியே நிற்கும். அருமையான யோசனை. ஆனால் அறை இரண்டாகிறது, ஈயமும் இரண்டு துண்டு. அத்தனையும் ஒரே அச்சில் உட்காரவேண்டும். உறுதிக்காகச் சேர்க்கும் ஒவ்வொரு பாகமும் பிசகுக்கு ஒரு புது வழி.

எனக்குப் பிடித்த தீர்வு மின்முலாம். அமெரிக்காவில் ஃபெடரல் கம்பெனியின் ஃப்யூஷன் வகையில் ஈயத்தின் மேல் செம்பை மின்வேதி முறையில் படியவைக்கிறார்கள். உறை எல்லாப் பக்கமும் சீராக வரும், ஈயத்தை விட்டுக் கழலவும் செய்யாது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்த சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இருக்கும் ஊரில் நின்று இதைச் சொல்வதில் எனக்குச் சந்தோஷம். குண்டுக்கும் சிக்ரிக்கும் சம்பந்தமில்லை, ஆனால் முலாம் பூசும் விஞ்ஞானம் நம்மூருக்குப் பழக்கமான சங்கதி.

அப்புறம் முழுச் செம்புக் குண்டு. உறையும் இல்லை, ஈயமும் இல்லை, பிசகவும் வழி குறைவு. ஆனால் செம்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம், ஈயத்துக்கு 11.34. அதே எடைக்குக் குண்டு நீளமாகும். நீளமான குண்டு நிலையாகப் பறக்க இன்னும் வேகமாகச் சுழலவேண்டும். தாத்தா ரைஃபிளின் மரை அதற்குப் போதாமல் போகலாம். அப்போது அட்டையில் வட்ட ஓட்டைக்குப் பதிலாக நீள்வட்ட ஓட்டை விழும். குண்டு தள்ளாடிக்கொண்டு வந்து குறுக்கே பட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குழலுக்கு எடை குறைந்த, குட்டையான குண்டுதான் சரிப்படும்.