ஜெர்மனி வாடகை வீடு: சாவி வாங்கின நாள்லேர்ந்து ரெண்டு வாரம்

வணக்கம் மக்களே. மேல பாருங்க, சீலிங்ல மூணு வயர் தொங்குது, லைட் கிடையாது. ஜெர்மனில வாடகை வீடு பெரும்பாலும் இப்படித்தான் கைக்கு வரும். நிறைய வீட்ல கிச்சனும் இருக்காது. சிங்க், அடுப்பு, அலமாரி எல்லாத்தையும் காலி பண்ணினவங்க கழட்டி எடுத்துட்டுப் போயிருப்பாங்க. விளம்பரத்துல "ஐன்பௌக்யூஷ"ன்னு, அதாவது பொருத்தின கிச்சனோடன்னு, போட்டிருக்கான்னு பாருங்க, போடலைன்னா இல்லைன்னே வெச்சுக்கோங்க. அதனால சாவி வாங்க சாயங்காலம் போகாதீங்க. லைட் இல்லாத வீட்ல சுவத்து ஓட்டை, தரைக் கீறல் எதுவும் கண்ணுல படாது.

கீறலுக்கு ஏன் இவ்வளவு கவலைன்னா, உங்க அட்வான்ஸ் அதுல மாட்டியிருக்கு. இங்க அதுக்குப் பேர் கௌட்ஸியோன். சட்டப்படி அதிகபட்சம் மூணு மாச கால்ட்மீட்ட, அதாவது ஹீட்டிங், தண்ணி சேர்க்காத வெறும் வாடகை. அதையும் மூணு மாசத் தவணையா கட்டலாம், அந்த உரிமை சட்டத்துலயே இருக்கு. நிறைய பேர் கேக்கறதே இல்ல.

சாவி கை மாறும்போது "ஊபர்காபெப்ரோட்டோகோல்"னு ஒரு தாள் எழுதுவாங்க. வீடு இப்ப எந்த நிலைல இருக்குங்கறதுக்கு அதுதான் சாட்சி. "எல்லாம் நல்லா இருக்கு"ன்னு மொத்தமா எழுதியிருந்தா கையெழுத்து போடாதீங்க. பெட்ரூம் ஜன்னல் கீழ பத்து சென்டிமீட்டர் கீறல், பாத்ரூம்ல ரெண்டு டைல் விரிசல், இப்படி ரூம் ரூமா எழுத வைங்க. சாவி எத்தனைங்கறதும் அதுல வரணும். எல்லா குழாயையும் திறந்து, ஃப்ளஷ் பண்ணிப் பாருங்க.

கரன்ட் மீட்டர் பல கட்டடத்துல பேஸ்மென்ட்ல இருக்கும். மீட்டர் நம்பர், ரீடிங் ரெண்டும் ஒரே போட்டோல தெரியணும். நீங்க எந்தக் கம்பெனிக்கும் எழுதிக் கொடுக்கலைன்னாலும் ஸ்விட்ச் போட்டா கரன்ட் வரும். அந்த ஏரியாவோட அடிப்படை சப்ளையர் கணக்குல நீங்க தானா சேர்ந்துடுவீங்க. ரேட் பெரும்பாலும் கூடத்தான். ஆனா ரெண்டு வாரம் முன்னாடி சொல்லிட்டு வேற கம்பெனிக்கு மாறிக்கலாம், மாற அந்த மீட்டர் நம்பர் கேப்பாங்க.

வீட்டுக்காரர்கிட்ட அன்னிக்கே இன்னொரு தாளும் வாங்கிடுங்க: வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். இவர் இந்த வீட்டுக்குக் குடி வந்துட்டார்னு அவர் எழுதித் தர்றது. வாடகை ஒப்பந்தம் இருக்கே போதாதான்னு கேப்பீங்க. போதாது. இந்தத் தாள் இருந்தாதான் அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு. குடி வந்து 2 வாரத்துக்குள்ள பண்ணணும், தவறினா அபராதம் 1000 யூரோ வரைக்கும் போகலாம். பெர்லின்ல அந்த ரெண்டு வாரத்துக்குள்ள அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறது கஷ்டம். உங்க ஏரியா ஆபீஸ்தான்னு இல்ல, நகரத்துல எந்த பியூர்கராம்ட்லயும், அதாவது இந்தப் பதிவு பண்ற ஆபீஸ்லயும், பதியலாம். கிடைச்ச தேதியை உடனே புக் பண்ணி, அதோட ஸ்க்ரீன்ஷாட்டை வெச்சுக்கோங்க.

பதிஞ்ச கையோட வரி நம்பர் தபால்ல வரும். வரும், ஆனா லெட்டர் பாக்ஸ்ல உங்க பேர் இருந்தா! இங்க விலாசத்துல ஃப்ளாட் நம்பர் போடற வழக்கம் பெரும்பாலும் இல்ல, தபால்காரர் பேரைப் பார்த்துத்தான் போடுவார். பேர் இல்லைன்னா கடிதம் திரும்பிப் போயிடும். முதல் நாளே ஒரு பேப்பர்ல எழுதி டேப் போட்டு ஒட்டுங்க, அழைப்பு மணிலயும்தான். கொஞ்ச நாள்ல டிவி, ரேடியோ கட்டணம்னு ஒரு கடிதம் வரும், மாசம் 18.36 யூரோ. ஏமாத்து வேலை இல்ல, டிவி இல்லாதவங்களும் கட்டணும். ஒரு வீட்டுக்கு ஒண்ணுதான், நாலு பேர் சேர்ந்திருந்தா பங்கு போட்டுக்கலாம்.

சரி, அந்த வயருக்கு வருவோம். கிட்டக்க காட்டறேன். புது வயரிங்னா பழுப்பு பேஸ் (கரன்ட் வர்ற வயர்), நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். ஆனா ரொம்ப பழைய கட்டடத்துல கறுப்பு, சாம்பல், சிவப்புன்னு இருக்கலாம். நம்ம ஊர் பழக்கத்துல சிவப்புதான் பேஸ், கறுப்பு நியூட்ரல்னு கை போகும். இங்க பழைய முறைல கறுப்பு பேஸ், சாம்பல் நியூட்ரல், சிவப்பு எர்த்! சிவப்பை பேஸ்னு எடுத்து மாட்டினீங்கன்னா ஆபத்து, ஷாக் அடிக்கலாம். நிறம் சந்தேகமா இருந்தா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க, அது வரைக்கும் ப்ளக்ல சொருகற ஸ்டாண்ட் லைட் போதும். எலக்ட்ரிக் அடுப்புக்கு 400 வோல்ட் இணைப்பு, அதுல நீங்க கையே வைக்காதீங்க.

கடைசியா பூஞ்சை. இதுலதான் நம்ம ஆட்கள் அதிகமா மாட்டறாங்க. சோறு, சாம்பார், இட்லின்னு நம்ம சமையல்ல ஆவி ஜாஸ்தி, துணியும் உள்ளயே காயும். குளிர்காலத்துல அந்த ஈரம் வெளிச்சுவரோட உள்பக்கத்துல போய்ப் படியும். ஜன்னலோட மேல்பக்கத்தை மட்டும் உள்ள சாய்ச்சு நாள் முழுக்க விட்டா சரியாகும்னு நினைக்காதீங்க, ஜன்னலைச் சுத்தி சுவர் இன்னும் குளிர்ந்து அங்கதான் முதல்ல கறுப்பு வரும். ஹீட்டரை மூடிட்டு ஜன்னலை முழுசா திறந்து 5, 10 நிமிஷம் விடுங்க, அப்புறம் மூடுங்க. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை. சமைக்கும்போது கிச்சன் கதவைச் சாத்துங்க, இல்லைன்னா ஆவி பெட்ரூம் வரைக்கும் போகும்.

ஹீட்டர் திருகுல 3ன்னா சுமார் 20 டிகிரி. 5ல வெச்சா சீக்கிரம் சூடாகாது, எந்த டிகிரில நிக்கணும்னு மட்டும்தான் அந்த நம்பர் சொல்லுது. பீரோவை வெளிச்சுவர்லேர்ந்து ஒரு கை அகலம் தள்ளிப் போடுங்க. ஈரப்பதம் காட்டற சின்ன மீட்டர் ஒண்ணு வாங்கி பெட்ரூம்ல வைங்க, 60 சதவீதத்தைத் தாண்டினா ஜன்னலைத் திறக்கற நேரம்.