ஃபைட்டர் வெறும் சோறா?

நடுவர் அவர்களே, எதிரணியினரே, பாயில் உட்கார்ந்திருப்பவர்களே, பாய் கிடைக்காமல் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பவர்களே, எல்லோருக்கும் சேர்த்து ஒரே வணக்கம். எட்டு நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசிய அக்கா அவையை விளித்து முடிக்கவே இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டார்.

தலைப்பு எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் தாமதமாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் புகுந்து பகடை உருட்டும் விளையாட்டில், கைகலப்பு என்று வந்துவிட்டால் அதிகம் அடிப்பவர் பயிற்சி பெற்ற போர்வீரன் ஃபைட்டரா, கோபத்தில் அடிக்கும் பார்பேரியனா, தெய்வ சக்தியால் அடிக்கும் பாலடினா? நான் ஃபைட்டர் அணி. கேட்டு வாங்கவில்லை, சீட்டுக் குலுக்கியதில் விழுந்தது. விழுந்த பிறகு விடுவதாக இல்லை. ரோக்குக்கு ஏன் அணி இல்லை என்று படியில் யாரோ முணுமுணுக்கிறார்கள். ஐயா, அவர்கள் பின்னால் நின்று குத்துகிறவர்கள், பட்டிமன்றத்தில் முன்னால் வந்து பேசவேண்டும்.

பார்பேரியன் அணி அக்கா கணக்கோடு வந்தார். ஐந்தாம் லெவல், பலம் 18, இரண்டு கையால் பிடிக்கும் பெருவாள், எதிரி ஆர்மர் கிளாஸ், அதாவது அடி விழ எட்டவேண்டிய எண், 15. பலமும் பழக்கமும் சேர்ந்து 7 கூடுவதால், இருபது முகப் பகடையில் 8-ஓ அதற்கு மேலோ விழுந்தால் அடி. பார்பேரியன் ரேஜ், அதாவது அடியைக் கூட்டும் கோபம், ஏற்றிக்கொண்டு ரெக்லஸாக, அதாவது தற்காப்பை மறந்து, பாய்ந்தால் ஒரு சுற்றுக்குச் சராசரி டேமேஜ், அதாவது சேதம், 24. ஃபைட்டரோ, பெருவாள் பழகியவன் என்பதால் 1, 2 விழுந்த பகடையை மறுபடி உருட்டிக்கொண்டாலும் 17-ல் நின்றுவிடுகிறான். இதுதானே அக்கா சொன்னது? நேற்று ராத்திரி நானும் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், அதேதான் வந்தது. இரண்டாவது தடவையும் போட்டுப் பார்த்தேன். வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

ஆனால் அக்கா சொல்லாமல் விட்டதைச் சொல்லவேண்டும் இல்லையா? ரெக்லஸாகப் பாய்ந்தால் எதிரிக்கும் அட்வான்டேஜ், அவனும் இரண்டு பகடை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்வான். அந்தக் கோபமும் ஐந்தாம் லெவலில் நாளைக்கு மூன்றே தடவை, டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை மாதிரி காலை, மதியம், இரவு. அப்புறம் தூங்கி எழுந்தால்தான் அடுத்த கோபம். ஃபைட்டருக்கு ஆக்ஷன் சர்ஜ் இருக்கிறது, ஒரே முறையில் இன்னொரு தடவை அடிக்கும் வாய்ப்பு. அதை எடுத்த சுற்றில் 17 இரண்டு மடங்காகி 34. ஒரு மணி நேரம் காலை நீட்டி உட்கார்ந்தால் அது திரும்ப வந்துவிடும். பதினோராம் லெவலில் அவனுக்கு மூன்று வெட்டு, இருபதாம் லெவலில் நான்கு. அக்காவின் பார்பேரியனும் எதிரணித் தம்பியின் பாலடினும் கடைசிவரை இரண்டு வெட்டுதான். கணக்கு இவ்வளவுதான், இதற்குமேல் கணக்குப் பேசினால் நீங்கள் எழுந்து காபி குடிக்கப் போய்விடுவீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பாலடின் அணித் தம்பி ஒன்று சொன்னார், நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள், நடுவரே சிரித்தார், நான் பார்த்தேன். என்ன சொன்னார்? "ஃபைட்டர் என்பவன் வெறும் சோறு. எல்லா இலையிலும் இருப்பான், ஆனால் ருசி என்று ஒன்று கிடையாது." ஆகா. எங்கே தம்பி, இப்படித் திரும்புங்கள். நீங்கள் பாலடின். இலையில் நீங்கள் யார்? அப்பளம். வைக்கும்போது பெரிதாக, வட்டமாக, பளபளவென்று இருக்கும். ஒரு தட்டு, நொறுங்கியது, அவ்வளவுதான், அடுத்த அப்பளத்துக்குப் பந்தி பரிமாறுகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்காரவேண்டும். அக்கா யார்? மிளகாய் பஜ்ஜி. முதல் கடி பிரமாதம், அப்புறம் கடித்தவருக்கும் கண்ணில் தண்ணீர், பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் கண்ணில் தண்ணீர். பசி எதில் அடங்குகிறது? அப்பளத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டு "வயிறு நிறைந்தது" என்று யாராவது எழுந்து போயிருக்கிறீர்களா?

இன்னொன்றும் சொல்கிறேன், தம்பிக்குத் தெரிந்திருக்காது, அவர் பிறப்பதற்கு முந்தைய கதை. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் இந்த விளையாட்டை வெளியிட்டபோது மொத்தம் மூன்றே வகுப்பு. ஃபைட்டிங் மேன், மேஜிக் யூசர், கிளெரிக். எந்த ஆயுதத்தால் அடித்தாலும் ஒரே ஆறு முகப் பகடைதான். மறு வருடம் வந்த துணைநூலில்தான் பாலடின் தலைகாட்டினார். எப்படி வந்தார் தெரியுமா? ஃபைட்டருக்குக் கவர்ச்சி 17-க்குக் குறையாமல் இருந்தால் அவர் பாலடின் ஆகலாம் என்று எழுதியிருந்தது. அதாவது தம்பி, கொஞ்சம் லட்சணமாகப் பிறந்த ஃபைட்டர்தான் நீங்கள். எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு, எங்களையே சோறு என்கிறீர்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். இந்தக் கதை இங்கே பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்கும் தெரியவேண்டும். நடுவர்தான் அன்றைக்கு டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துகிறவர், நான் பொய் சொன்னால் மணியை அடிக்கட்டும். ஐந்தாம் லெவல், ஒரு பழைய கல்லறை. நான் ஃபைட்டர், அக்கா பார்பேரியன், தம்பி பாலடின். மந்திரவாதி விசார்டு ஓட்டுகிறவர் அன்று ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டார், நெருப்புக்கு ஆள் இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அறையில் ஏழு எலும்புக்கூடு. ஒவ்வொன்றுக்கும் ஹிட் பாயின்ட், அதாவது உயிர்க்கணக்கு, 13. பெருவாளால் ஒழுங்காக ஒரு வெட்டு, இரண்டு வெட்டு விழுந்தால் போதும். தம்பி முதல் எலும்புக்கூட்டின் முன்னால் போய் நின்றார், பகடையை உருட்டினார், 20 விழுந்தது. கிரிட்டிக்கல். உடனே "ஸ்மைட்!" என்றார், ஸ்லாட் என்னும் மந்திரச் சேமிப்பில் ஒன்றைச் செலவழித்து அடியைக் கூட்டும் வித்தை. பகடை எல்லாம் இரண்டு மடங்கு, மேசை முழுக்கப் பகடை, ஒன்று உருண்டு காபி டம்ளருக்குள் விழுந்தது. கூட்டினோம். 47. ஹிட் பாயின்ட் பதின்மூன்றுக்கு நாற்பத்தேழு! கொசுவை அடிக்க அம்மிக்கல்லைத் தூக்கிய மாதிரி. எலும்பு கூடக் கிடைக்கவில்லை, விபூதிதான் கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் தம்பி அடுத்ததற்கும் ஸ்மைட், அதற்கு அடுத்ததற்கும் ஸ்மைட். அவரிடம் இருந்தது மொத்தம் ஆறு ஸ்லாட். ஆறும் அந்த அறையிலேயே போய்விட்டது. ரேஷன் கடையில் சர்க்கரை தீர்ந்துவிட்டது, போர்டு மாட்டியாகிவிட்டது. அக்காவும் ஒரு கோபத்தை அங்கேயே செலவழித்தார்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். எனக்கு ஆக்ஷன் சர்ஜ் திரும்ப வந்துவிட்டது. அவர்களுக்கு ஸ்லாட்டும் வரவில்லை, கோபமும் வரவில்லை. எழுந்து போனால் ஒரு கதவு.

இந்தக் கதவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கனமான மரக்கதவு, நடுவில் இரும்பு வளையம். உள்ளே உறுமல் கேட்கிறது. அக்கா சொன்னார், "நான் ரேஜ் ஏற்றுகிறேன், கதவைப் பிளக்கிறேன்." ஏற்றினார். கோடாரியால் ஓங்கி ஓங்கி இரண்டு வெட்டு. கதவு அசையவில்லை. நடுவர், அதாவது டிஎம், மெதுவாகக் கேட்டார், "அக்கா, உங்கள் முறை முடிகிறது, பகையான உயிர் எதையாவது தாக்கினீர்களா? இல்லை உங்கள் மேல் ஏதாவது அடி விழுந்ததா?" அக்கா, "கதவைத் தாக்கினேனே" என்றார். "கதவு உயிர் இல்லை அக்கா." அவ்வளவுதான். கோபம் இறங்கிவிட்டது. கதவிடம் கோபித்துக்கொண்டு, கதவு பதிலுக்குக் கோபிக்காததால் தோற்றுப்போன ஒரே பார்பேரியன் எங்கள் அக்காதான். நான் போனேன். வளையத்தைப் பிடித்தேன். இழுத்தேன். திறந்தது. அது இழுக்கிற கதவு ஐயா!

அக்கா இந்தக் கதையை வேறு மாதிரி சொல்வார், அந்தக் கதவில் மந்திரம் இருந்தது என்பார். போன தீபாவளிக்குச் சொன்னபோது கதவு இரும்பாகிவிட்டது. அடுத்த வருடம் கதவே வந்து அக்காவை அடித்தது என்றும் சொல்வார், அப்படி அடித்திருந்தால் நல்லது, ரேஜ் இறங்கியிருக்காது.

உள்ளே ஒரு ட்ரோல், ராட்சதப் பூதம். ஹிட் பாயின்ட் 84, ஆர்மர் கிளாஸ் அக்கா கணக்கில் போட்ட அதே 15. அறுபது அடிக்கு அப்பால் நிற்கிறது. அக்கா விடுவாரா? மூன்றாவது கோபம், கடைசிக் கோபம், ஏற்றிக்கொண்டு ஓடினார். பார்பேரியன் கால் வேகமான கால்தான், நாற்பது அடி. அறுபதில் நாற்பது போக மிச்சம் இருபது அடி. அடிக்கவும் இல்லை, அடி வாங்கவும் இல்லை, இடையில் அந்த இருபது அடி. முறை முடிந்தது. கோபம் மறுபடி இறங்கிவிட்டது. சராசரி 24 எங்கே அக்கா? அந்த இருபது அடியில்தான் விழுந்து கிடக்கிறது. (2024-ல் வந்த புதிய விதியில் போனஸ் ஆக்ஷனைச் செலவழித்து ரேஜைப் பிடித்துவைக்கலாம், ஸ்மைட்டையும் ஒரு முறைக்கு ஒன்று என்று கட்டிப்போட்டுவிட்டார்கள். எங்கள் மேசை 2014 விதியில் ஓடும் மேசை, புதுப் புத்தகம் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.)

அப்புறம் யார்? சோறு. சோறுதான் போனது. ஆக்ஷன் சர்ஜ், நான்கு வெட்டு, மூன்று விழுந்தது, 38. மற்றவர்களும் சேர்ந்து அடித்தார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ட்ரோல் விழுந்தது. அதன் முறை வந்தது. எழுந்தது! நெருப்போ அமிலமோ படாவிட்டால் அதற்கு முறைக்கு 10 ஹிட் பாயின்ட் திரும்பக் கூடும். மறுபடி வெட்டினோம், விழுந்தது, எழுந்தது. நெருப்புக்காரர் வளைகாப்பில் வளையல் எண்ணிக்கொண்டிருக்கிறார். மூன்றாவது தடவை விழுந்தபோது நான் சுவரில் எரிந்துகொண்டிருந்த தீப்பந்தத்தை எடுத்து அதன் மேல் வைத்தேன். தீப்பந்தத்துக்கு எவ்வளவு டேமேஜ்? ஒன்று. பகடை கூடக் கிடையாது, வெறும் ஒன்று. ட்ரோல் அப்புறம் எழவில்லை. நாற்பத்தேழு அடித்தவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் ஐயா, ஒன்று அடித்தவன் வேலையை முடித்தான்!

முதல் மணி அடித்துவிட்டது. தெரிகிறது. இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டு உட்காருகிறேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால், இதே ஃபைட்டர், இரண்டாம் லெவல். அன்று எனக்கு ஷிஃப்ட் மாறிவிட்டது, ஆட்டத்துக்கு வர முடியவில்லை, ஆட்டமோ எங்கள் வீட்டுக் கூடத்தில். என் பாத்திரத்தின் விவரம் எழுதிய காகிதத்தை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனேன், சும்மா பகடை மட்டும் உருட்டு என்று. அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தை முழுக்கப் படித்திருக்கிறார். "கேடயம்னு ஒண்ணு எழுதியிருக்கே, இதை ஏன் யாரும் எடுக்கறதில்லே?" என்று கேட்டு வாளை வைத்துவிட்டுக் கேடயத்தை எடுத்துக்கொண்டார். ஆர்மர் கிளாஸ் 18. வாசல் வழியாக ஜோம்பிகள் வருகின்றன. அம்மாவுக்குப் பின்னால் ஒரு விசார்டு, அதை ஓட்டியது பக்கத்து வீட்டுப் பையன், பத்து வயசு, ஹிட் பாயின்ட் இரண்டே இரண்டு மிச்சம், அழுகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறான். டிஎம் கேட்டார், "அம்மா, யாரை அடிக்கிறீங்க?" அம்மா சொன்னாராம், "நான் யாரையும் அடிக்கலைப்பா. வாசல்ல நிக்கிறேன். என்னைத் தாண்டித்தான் புள்ளைகிட்ட போகணும்."

விதிப்படி அதற்கு டாட்ஜ் என்று பெயர். ஜோம்பி இரண்டு பகடை உருட்டி, இரண்டிலும் 15-க்குக் குறையாமல் விழவேண்டும். நூற்றுக்கு ஒன்பது தடவை. ஆறு சுற்று நின்றார் அம்மா. பின்னாலிருந்து அந்தப் பையன் ஃபயர் போல்ட் என்னும் நெருப்பு மந்திரத்தைப் போட்டுப் போட்டு ஒவ்வொன்றாக விழவைத்தான். அன்றைக்கு ஃபைட்டர் அடித்த மொத்த டேமேஜ் பூஜ்யம். நான் ராத்திரி வந்து காகிதத்தைப் பார்க்கிறேன், ஹிட் பாயின்ட் கட்டத்தில் பென்சிலால் எழுதி அழித்து எழுதி அழித்துக் காகிதமே ஓட்டையாகியிருக்கிறது, ஓரத்தில் மஞ்சள் படிந்த கட்டைவிரல் ரேகை. ஆட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் ரசம் சாதம் போட்டிருக்கிறார். அந்தப் பையன் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டானாம்.

தம்பி, தலையை ஏன் குனிகிறீர்கள்? வெறும் சோறு என்று சொன்ன அதே வாய்தானே?

சும்மா சொன்னேன், நிமிருங்கள். அம்மா இப்போது ஊரில் இருக்கிறார், முட்டிவலி, மாடி ஏற முடியாது. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினால் முதலில் என்னைக் கேட்பதில்லை, "அந்த ஆளு இன்னும் உசிரோட இருக்கானா?" என்றுதான் கேட்பார். இருக்கிறான்மா, ஏழாம் லெவல். நேற்றும் பேசினேன், இந்த மாதிரி பட்டிமன்றம், பக்கத்து வீட்டுப் பையன் எதிரணி என்றேன். "ஐயோ, அவனைத் தோக்கடிச்சிடாதே" என்றார்.

இரண்டாவது மணியும் அடித்துவிட்டீர்கள். நான் அம்மா பேச்சைத் தட்டமாட்டேன். ஆனால் நடுவர் அவர்களே, நீங்கள் எங்கள் அம்மாவுக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை, அதை மட்டும் ஞாபகப்படுத்திவிட்டு உட்காருகிறேன். வணக்கம்.