எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்குமுன் ஒரு வார்த்தை

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். திருச்சியிலிருந்து குடும்பங்களைக் குழுவாகச் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் அழைத்துப் போய் வருவது என் தொழில். புறப்படுவதற்கு முன்னால் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுவோம், அப்போது கண்டிப்பாக ஒருவர் கேட்பார்: "சார், யுனிவர்சல் ஸ்டூடியோவுக்கு அந்த எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கணுமா, வேண்டாமா?" கால் மணி நேரம் பேசச் சொல்லி வானொலி நிலையத்தார் அழைத்தபோது இதைப் பற்றியே பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வருடக்கணக்காக யுனிவர்சல் மாதிரித் தீம் பார்க்குகளின் வாசலில் நின்று வரிசைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறவன் நான்.

தீம் பார்க் பக்கமே போகாதவர்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள், அவர்களுக்காக ஒரு நிமிடம். பெரிய கோயிலுக்குப் போனால் பொது தரிசனம் ஒரு வரிசை, கட்டணம் கட்டினால் சிறப்பு தரிசனம் இன்னொரு வரிசை, இல்லையா? இரண்டு வரிசையும் கடைசியில் ஒரே சன்னிதியில் போய்ச் சேரும். தீம் பார்க்கிலும் அதேதான். நுழைவுச்சீட்டு வாங்கினால் ராட்டினம், ரோலர் கோஸ்டர் என்று எல்லா ரைடிலும் ஏறலாம், ஆனால் வரிசையில் நிற்க வேண்டும். அதற்கு மேல் தனியாகப் பணம் கட்டி இந்தப் பாஸை வாங்கினால் பக்கத்து வழியாகச் சீக்கிரம் உள்ளே விடுவார்கள். சிங்கப்பூரில் இதற்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர், அமெரிக்காவின் டிஸ்னியில் லைட்னிங் லேன், நம்ம பக்கத்து வொண்டர்லாவில் ஃபாஸ்ட்ராக். பெயர்தான் வேறு வேறு, வேலை ஒன்றுதான்.

இனி கொஞ்சம் கணக்கு. பேப்பர் பேனா வேண்டாம், காதால் கேட்டாலே போதும். ஒரு ரைடில் மணிக்கு 1,200 பேர் ஏறலாம் என்று வையுங்கள். உங்களுக்கு முன்னால் 600 பேர் நிற்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே வரிசை என்றால் அரை மணி நேரத்தில் உங்கள் முறை வந்துவிடும். இப்போது அந்த 1,200 இடத்தில் 900 இடம் பாஸ் வைத்திருப்பவர்களுக்குப் போகிறது என்று வையுங்கள். உங்கள் வரிசைக்கு மிச்சம் 300. அதே 600 பேர் முன்னால் நின்றால் இரண்டு மணி நேரம். ரைடு அதே ரைடு, ஓடுகிற வேகமும் அதேதான், ஒரு நாற்காலிகூடக் கூடவில்லை. திரும்பவும் சொல்கிறேன், பாஸ் ஒரு நாற்காலியைக்கூடப் புதிதாகப் போடுவதில்லை. பாஸ்காரருக்கு மிச்சமாகிற நேரம் பக்கத்து வரிசையில் கூடுதலாக ஒன்றரை மணி நேரம் நிற்கிற உங்களிடமிருந்துதான் வருகிறது.

உடனே ஒருவர் கேட்பார், பாஸ் இல்லாவிட்டால் அந்த 900 பேரும் பொது வரிசையில்தானே நின்றிருப்பார்கள், அப்போதும் கூட்டம் கூட்டம்தானே என்று. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல இந்தப் பாஸ் எங்கே பிறந்தது என்ற கதைக்குப் போக வேண்டும்.

கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் 1955-இல் திறந்தது. கொஞ்ச நாளிலேயே சீட்டுப் புத்தகம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். சின்ன ராட்டினத்துக்கு ஏ சீட்டு, அதைவிடக் கொஞ்சம் பெரியதற்கு பி, இப்படி. 1959-இல் ஈ சீட்டு வந்தது, பெரிய ரைடுகளுக்கெல்லாம் அதுதான். நம்ம ஊர்ப் பொருட்காட்சியில் இன்றைக்கும் அப்படித்தானே? சென்னைத் தீவுத்திடலில் ஜயன்ட் வீலுக்குத் தனிச்சீட்டு, கொலம்பஸுக்குத் தனிச்சீட்டு. ஒவ்வொன்றுக்கும் காசு கொடுக்கிறபோது, எதில் ஏறுவது எதை விடுவது என்று அவரவரே முடிவு செய்துகொள்வார்கள். 1982-இல் டிஸ்னி அந்தப் புத்தகத்தை எடுத்துவிட்டது. ஒரே நுழைவுச்சீட்டு, எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். அப்புறம் என்ன ஆகும்? ரைடுக்குக் காசு கிடையாது, ஆகவே எல்லோரும் போய் நிற்பது அந்த நாலைந்து பெரிய ரைடில்தான். காசுக்குப் பதிலாக எல்லோரும் நேரத்தைக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

அதற்கு மருந்தாக 1999-இல் ஃப்ளோரிடாவில் இருக்கிற டிஸ்னி வேர்ல்டில் ஃபாஸ்ட்பாஸ் வந்தது. இதை நன்றாகக் கேளுங்கள், அது இலவசம். ரைடு வாசலில் ஒரு மெஷின் இருக்கும், நுழைவுச்சீட்டை அதில் விட்டால் ஒரு துண்டுச்சீட்டு வரும், மதியம் 2 மணியிலிருந்து 3 மணிக்குள் வாருங்கள் என்று அதில் அச்சடித்திருக்கும். அதுவரை நீங்கள் சாப்பிடலாம், கடை பார்க்கலாம், நிழலில் உட்காரலாம். ஏழை பணக்காரன் வித்தியாசம் இல்லை, சீக்கிரம் வந்து மெஷினில் விட்டவருக்குச் சீட்டு. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

ஆனால் மனிதர்கள் என்ன செய்தார்கள்? சாப்பிடப் போனவர்கள் கொஞ்சம்தான். பெரும்பாலோர் அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இன்னொரு ரைடு வரிசையில் போய் நின்றார்கள். இப்போது அந்த ஆள் எத்தனை வரிசையில் இருக்கிறார்? இரண்டு! உடம்பு ஒரு வரிசையில், சீட்டு இன்னொரு வரிசையில். பூங்காவுக்குள் இருக்கிற ஆட்கள் அதே எண்ணிக்கைதான், ஆனால் ஒவ்வொருவரும் இரண்டு இடத்தில் நின்றால் வரிசையெல்லாம் நீளாமல் என்ன செய்யும்? முன்பு ஐந்து நிமிடத்தில் ஏறிவிடக்கூடிய சாதாரண ரைடுகளுக்கும் கூட்டம் சேர்ந்தது. சற்று முன் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். பாஸ் வைத்திருப்பவர் நிற்க வேண்டிய நேரம் காற்றில் கரைந்துவிடுவதில்லை, அந்த நேரத்தில் அவர் இன்னொரு வரிசையில் போய் நிற்கிறார்.

இலவசமாக இருந்த வரையிலாவது அந்தச் சீட்டு எல்லோர் கைக்கும் வந்தது. கொரோனாவில் 2020-இல் பூங்காக்களை மூடித் திரும்பத் திறந்தபோது ஃபாஸ்ட்பாஸ் திரும்பி வரவில்லை. அதற்குப் பதிலாக 2021 அக்டோபரில் ஃப்ளோரிடாவில் லைட்னிங் லேன் வந்தது, ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலர் என்று கட்டணத்தோடு. 2024 அக்டோபர் கடைசியில் பிரீமியர் பாஸ் என்று ஒன்று வந்தது, ஒரு நாளுக்கு ஒருவருக்கு 129-லிருந்து 449 டாலர் வரை என்று அறிவித்தார்கள், பூங்காவையும் நாளையும் பொறுத்து. நுழைவுச்சீட்டு அதில் சேராது, அது தனி. நான்கு பேர் உள்ள குடும்பம் கூட்டமான நாளில் போனால் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இதில் என் மனதை உறுத்துவது ஒன்று உண்டு. வரிசை நீளமாக இருந்தால்தான் பாஸ் விற்கும். வரிசை குறைந்துவிட்டால் யார் வாங்குவார்கள்? நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ரைடு வாசலில் காத்திருக்கும் நேரம் 60 நிமிடம், 90 நிமிடம் என்று பலகை வைக்கிறார்கள் அல்லவா, அதன் கீழேயே இன்னொரு வரி எழுதட்டும்: இந்த மணி நேரத்தில் ஏறுகிற நூறு பேரில் எத்தனை பேர் பாஸ் வழியாகப் போகிறார்கள் என்று. அதைப் பார்த்து நிற்பதா, வேறு ரைடுக்குப் போவதா என்று மக்கள் முடிவு செய்துகொள்வார்கள். எந்தப் பூங்காவாக இருந்தாலும் சரி, இதை நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். உடல்நிலை காரணமாக நிற்க முடியாதவர்களுக்கும் அவர்களோடு வருகிற குடும்பத்துக்கும் டிஸ்னியில் தனி அட்டை கொடுத்து வந்தார்கள். 2013-இல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் செய்தி வந்தது: வசதியான சில குடும்பங்கள் மாற்றுத்திறனாளி ஒருவரை மணிக்கு 130 டாலர் கொடுத்து வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டு, சொந்தக்காரர் மாதிரிக் கூட்டிப் போய், அந்த அட்டையைக் காட்டி முன்னால் ஏறிக்கொள்கிறார்கள் என்று. அந்த வருடமே டிஸ்னி பழைய அட்டையை நிறுத்திவிட்டு, நேரம் குறித்துக் கொடுத்துத் திரும்பி வரச் சொல்கிற முறைக்கு மாறியது. 2024-இல் விதியை இன்னும் இறுக்கினார்கள், ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்குத்தான் முக்கியமாக என்று. அதனால் உண்மையாகவே நிற்க முடியாத வேறு நோயாளிகள் பலர் வெளியே நிற்கிறார்கள். யாரோ செய்த காரியத்துக்கு யாரோ கஷ்டப்படுகிறார்கள், எனக்கு இது ஆறவே இல்லை.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். செந்தோசாவில் இருக்கிற யுனிவர்சல் ஸ்டூடியோஸ் 2010-இல் திறந்தது. அங்கே எக்ஸ்பிரஸ் பாஸ் எடுத்தால் அதில் சேர்ந்த ரைடுகளில் ஒவ்வொன்றிலும் ஒரு முறை முன்னால் ஏறலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறுகிற பாஸ் தனி, அதற்கு விலை கூட. விலை நாளுக்கு நாள் மாறும்.

ஒரு டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கேயும் பள்ளி விடுமுறை, இங்கேயும் அரையாண்டு விடுமுறை. என் குழுவில் காரைக்குடிக் குடும்பம் ஒன்று, ஐந்து பேருக்கும் பாஸ் எடுத்துவிட்டது. தஞ்சாவூர்க் குடும்பம் ஒன்று எடுக்கவில்லை. நான் இருவரிடமும் சொன்னது ஒன்றுதான்: கதவு திறப்பதற்கு அரை மணி முன்னால் வாசலில் நில்லுங்கள், அந்த உருண்டை முன்னால் போட்டோ எடுக்காதீர்கள். போனவர்களுக்குத் தெரியும், வாசலில் பெரிய உலக உருண்டை சுற்றிக்கொண்டிருக்கும், எல்லோரும் அதன் முன்னால் நின்று குடும்பமாக, தனித்தனியாக, செல்ஃபியாக எடுத்து அரை மணியை அங்கேயே விடுவார்கள். உருண்டை எங்கேயும் போகாது. ராத்திரி விளக்கு போட்டபின் இன்னும் அழகாகத் தெரியும், திரும்புகையில் எடுத்துக்கொள்ளலாம்.

தஞ்சாவூர்க்காரர்கள் சொன்னபடி கேட்டார்கள். கதவு திறந்ததும் நியூயார்க் பகுதியைத் தாண்டி நேரே டிரான்ஸ்ஃபார்மர்ஸ், அது முடிந்ததும் பக்கத்தில் மம்மி. காரைக்குடிக்காரர்கள் பாஸ் இருக்கிறதே என்று நிதானமாக இட்லி சாப்பிட்டு, உருண்டை முன்னால் நின்று, பதினொன்றரைக்கு உள்ளே வந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் சேர்ந்தபோது பார்த்தால் இரண்டு குடும்பமும் ஒரே அளவுக்கு ரைடு ஏறியிருந்தன. மதியத்துக்கு மேல்தான் வித்தியாசம் தெரிந்தது. பலகையில் 90, 100 என்று ஏறிவிட்டது, பாஸ்காரர்கள் விறுவிறு என்று முடித்தார்கள், தஞ்சாவூர்ப் பிள்ளைகள் கால் கடுக்க நின்றார்கள். ஆகவே நான் பாஸ் வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை. விடுமுறை நாள், ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, மதியத்துக்கு மேலும் ஓட வேண்டும் என்றால் வாங்குங்கள். சாதாரணச் செவ்வாய், புதன் என்றால் காலை முதல் ஒன்றரை மணி நேரம் இலவசமாகக் கிடைக்கிற பாஸ்தான், அதை விட்டுவிட்டுக் காசைக் கொட்டாதீர்கள்.

அப்புறம் தனி ஆள் வரிசை. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வண்டியில் 12 இருக்கை, நான்கு நான்காக மூன்று வரிசை. மூன்று பேர் உள்ள குடும்பம் ஏறினால் ஓர் இடம் காலி. அந்தக் காலி இடத்துக்கு ஒற்றை ஆளாக வருகிறவர்களை அனுப்புவார்கள். வாசலில் சிங்கிள் ரைடர் என்று எழுதியிருக்கும், காசு கிடையாது. வளர்ந்த பிள்ளைகள் என்றால் தனித்தனியாக உட்காரச் சம்மதித்தாலே போதும், ரொம்ப நேரம் மிச்சம். இதில் எனக்குப் பிடித்தது, யாருடைய இடமும் போகவில்லை, வீணாகப் போகிற நாற்காலிதான் நிரம்புகிறது.

கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். அப்பா ஏறும்போது அம்மா குழந்தையோடு இருப்பார், அவர் இறங்கியதும் அம்மா மறுபடி முழு வரிசையும் நிற்கத் தேவையில்லை, ஆள் மாற்றிக்கொள்ளலாம். டிஸ்னியிலும் யுனிவர்சலிலும் இந்த ஏற்பாடு உண்டு. பலர் கேட்பதே இல்லை. வரிசையில் சேருவதற்கு முன்னாலேயே வாசல் ஊழியரிடம் "சைல்ட் ஸ்வாப்" என்று கேட்டால் வழி சொல்வார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். உள்ளூர்ப் பூங்காக்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாஸ் வாங்குமுன் பிள்ளையின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள், ரைடு வாசலில் உயரக் கோல் வைத்திருப்பார்கள், அதற்குக் கீழே இருந்தால் பாஸ் இருந்தாலும் ஏற்ற மாட்டார்கள். எந்தெந்த ரைடு பாஸில் சேர்ந்தது என்ற பட்டியலை வாங்குமுன் படியுங்கள். மழை, இடி என்றால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், சிங்கப்பூரில் மதியத்துக்கு மேல் இடி சகஜம், வெளியே ஓடுகிறதைக் காலையிலேயே முடியுங்கள். வொண்டர்லா மாதிரி தண்ணீர் ரைடு உள்ள இடங்களில் வறண்ட ரைடுகளை முதலில் ஏறிவிட்டு மதியம் தண்ணீரில் இறங்குங்கள், ஈர உடையோடு திரும்ப வந்து நிற்கிற வேலை மிச்சம். மாற்றுத்திறனாளிகளை அழைத்துப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே பூங்காவுக்கு எழுதிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், விதிகள் ஊருக்கு ஊர் வேறு, வாசலில் போய்க் கேட்டால்... சரி, நேரம் முடிந்துவிட்டது என்கிறார்கள். வணக்கம்.